ஈறு

மூன்றாவது வளையமும் போனது
களியக்காவிளை தாண்டி, பாறசாலைக்கு இப்பால்,
தமிழ்நாட்டின் ஈற்றில்,
இரண்டு மாநிலமும் தனதில்லை என்று விட்ட
அந்தப் பள்ளத்தில்.
மழைத்தண்ணீர் கட்டன்சாயா நிறத்தில் நிரம்பி
சமதளம்போல நடித்துக்கொண்டிருந்தது.
டங்.
பின்சீட்டில், தெர்மோகோல் பெட்டிக்குள்
பதினொரு செராமிக் பற்கள்
ஒன்றோடொன்று மோதிச் சிரித்தன.

பல் செய்கிறவள் நான்.
மார்த்தாண்டத்தில் மாடியறை, ஒரு சூளை, வேலைக்கு இரண்டு பெண்கள்.
பாலராமபுரத்து டாக்டர் ஒருமுறை
கால் மில்லிமீட்டர் உயரம் என்று
ஒரு கடைவாய்ப்பல்லைத் திருப்பி அனுப்பினார்.
கோபித்துக்கொண்டே ராவினேன்.
சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

வில்பிரட் கடை குழித்துறைப் பாலத்துக்குப் பக்கம்.
டயரைக் கழற்றி வளையத்தைச் சுழற்றிக் காட்டினார்.
முட்டை உருள்வதுபோல நொண்டியது.
"வளைஞ்சா நிமித்தலாம். இது கீறியிருக்கு, பாத்தியளா?
ஒட்டவச்சு ஓட்டினா
நாளைக்கு எனக்க பேரைச் சொல்லி அழுவிய."

டயரின் விலாவில் எண்கள்:
205/50 R17.
எண்கள் எனக்குப் பழக்கம்.
36 என்றால் கீழ்த்தாடை, இடப்பக்கம், முதல் கடைவாய்ப்பல்.
இது எந்த வாயின் எண்?

ஷட்டரில் சாக்பீஸால் எழுதினார்.
"இருநூத்தஞ்சு அகலம். அதில பாதி உயரம்.
பள்ளத்துக்கும் வளையத்துக்கும் நடுவில
நூத்திரண்டு மில்லி ரப்பர், அவ்வளவுதான்.
நூத்தித்தொண்ணூத்தஞ்சு, அறுபத்தஞ்சு, பதினஞ்சு இஞ்சு:
கம்பெனியில இருந்து வந்தப்ப இதாக்கும் இருந்தது.
உயரம் நூத்திருபத்தாறே முக்கால்.
மொத்த விட்டத்தில ரெண்டு மில்லிதான் குறையும்.
ஸ்பீடோமீட்டருக்குத் தெரியவே தெரியாது."

வளையம் சிறுத்தால் ரப்பர் உயரும்.
அட, இது ஈறு.
ஈறு இறங்கிய வாய்களின் அச்சை
நாள்முழுக்கக் கையில் வைத்திருப்பவள்,
வேர் தெரிய நின்ற பல்லை
அழகென்று நினைத்து
ஞாயிறுதோறும் ஷாம்பூ போட்டுத் துடைத்திருக்கிறேன்.

எனக்கு முந்தி வண்டி வைத்திருந்த
திருவனந்தபுரத்துப் பையன் மாட்டியது அந்தப் பதினேழு.
பத்து ஆரம், வெள்ளி மினுக்கம்.
அதைப் பார்த்துத்தான் வாங்கினேன், ஒத்துக்கொள்கிறேன்.
தம்பி ஜெபின் போனில் கத்தினான்:
"பதினஞ்சா? ஷூவைக் கழற்றிட்டு
ஹவாய் செருப்பு போட்ட மாதிரி இருக்கும்."
இருக்கட்டும்.
பாங்குக்குத் தவணை கட்ட நடப்பது
செருப்பு போட்ட கால்தான்.

பிரேக் காலிப்பரில் இடிக்கிறதா என்று
வெறும் வளையத்தை மாட்டிச் சுற்றிப் பார்த்தார்.
நானும் அப்படித்தான், நீலத்தாளை நடுவில் வைத்து
அச்சுத் தாடையைக் கடிக்கவிட்டுப் பார்ப்பேன்.
இடிக்கவில்லை. விரல் நுழைய இடம் இருந்தது.
"காத்து முப்பத்திமூணு. குறைய விடாதிய.
காத்து இல்லேன்னா எந்த சைஸும் காப்பாத்தாது."
நல்லதாக மிஞ்சிய ஒற்றைப் பதினேழுக்கு
ஆயிரத்து இருநூறு கழித்துக்கொண்டார்.
அது யாருக்கு உதவுமோ.

அடுத்த வாரம் அதே சாலை.
இருபுறமும் ரப்பர் மரங்கள்
வெட்டுக்காயத்துக்கு மேல் பிளாஸ்டிக் பாவாடை கட்டி
மழையில் நின்றன.
வளைவில் வண்டி சற்றே குழைந்தது.
பிடிக்கவில்லை. நெய்யாற்றின்கரை வருவதற்குள் பழகிவிட்டது.
திரும்பும்போது ஒரு சின்னப் பள்ளம்: தொப்.
பெட்டியில் சத்தமில்லை.

பிறகு அந்தப் பெரிய பள்ளம்.
இன்று இறக்கிப் பார்த்துவிடுவது என்றே
இரண்டாம் கியருக்கு வந்தேன்.

யாரோ அதன் நடுவில் வாழைக்கன்று நட்டிருந்தார்கள்.
அதிகாரிகள் பார்க்கட்டும் என்று நட்டது.
அதிகாரிகள் வந்ததாகத் தெரியவில்லை.
வாழைக்கு அது தெரியாமல்
ஒரு குருத்து விட்டிருந்தது.

பின்னால் பஸ் ஹாரன்.
ஸ்டியரிங்கை ஒடித்து, சரளையில் இறங்கி,
சுற்றிப் போனேன்.